வாஷிங்டன் சிந்தனைக் குழுவில் தொழில்நுட்பக் கொள்கை இன்டர்ன்ஷிப்: என் ஐந்து மாதங்கள், உங்கள் கேள்விகள்

வெண்ணாறு எழுதியது:

அந்த இன்டர்ன்ஷிப்பில் என்ன வேலை, எப்படி இருந்தது என்ற ஒரே கேள்வியைத் தனிமடலில் பலர் கேட்டுவிட்டீர்கள். எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதிவிடுகிறேன்.

கோவையில் கணினிப் பொறியியல் படித்து, மூன்று ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, சர்வதேச உறவுகளில் முதுகலைக்காக வாஷிங்டன் வந்தவள் நான். 2023 ஜனவரி முதல் மே வரை அங்குள்ள ஒரு வெளியுறவுக் கொள்கைச் சிந்தனைக் குழுவின், அதாவது அரசின் கொள்கைகளை ஆராய்ந்து அறிக்கை எழுதும் நிறுவனத்தின், தொழில்நுட்பப் பிரிவில் இன்டர்னாக இருந்தேன். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. உள்ளே நடந்ததை மனம்விட்டு எழுத வேண்டும் என்பதுதான் காரணம்.

டூபான்ட் சர்க்கிள் மெட்ரோவில் இறங்கி மாசசூசெட்ஸ் அவென்யூவில் சற்று நடந்தால் 1775ஆம் எண்ணில் புரூக்கிங்ஸ், அடுத்து 1779இல் கார்னகி. இரண்டும் பெயர்பெற்ற சிந்தனைக் குழுக்கள். முதல் வாரம் அந்தக் கட்டடங்களைக் கடக்கும்போதெல்லாம், உலகத்தை நடத்துகிறவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். என் மேசைக்கு வந்த வேலையோ வேறு. காலை ஒன்பதரைக்குள் செய்தித் தொகுப்பு: முந்தைய நாள் இரவு முதல் சிப், செயற்கை நுண்ணறிவு, இணையத் தாக்குதல் பற்றி வந்தவற்றில் எட்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழு விசாரணை அமர்வு நடந்தால் அதைப் பார்த்து ஒரு பக்கக் குறிப்பு. கூட்டம் நடக்கும் நாளில் பெயர் அட்டைகளை அகர வரிசையில் அடுக்குவது, கேள்வி கேட்பவரிடம் ஒலிவாங்கியைக் கொண்டுபோய்க் கொடுப்பது. மீதி நேரமெல்லாம் அடிக்குறிப்புச் சரிபார்ப்பு.

அந்தக் கடைசி வேலையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மார்ச் மாதம் மூத்த ஆய்வாளர் ஒருவரின் கொள்கைக் குறிப்பு வரைவாக என்னிடம் வந்தது. பொருள், 2022 அக்டோபர் 7 அன்று அமெரிக்க வணிகத் துறை சீனாவுக்கு எதிராகக் கொண்டுவந்த சிப் ஏற்றுமதிக் கட்டுப்பாடு. அதில் ஒரு வாக்கியம்: சீனச் சந்தைக்கென்று என்விடியா வெளியிட்ட ஏ800, கணக்கிடும் திறன் குறைக்கப்பட்ட சிப். அடிக்குறிப்பில் ஒரு பத்திரிகைச் செய்தி. செய்தியும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னது. ஆகவே அடிக்குறிப்பு சரி என்று டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம்.

போக மனம் வரவில்லை. விதியின் மூல வாசகத்தை எடுத்துப் படித்தேன். இரண்டு நிபந்தனைகள். ஒன்று, விநாடிக்கு எத்தனை டிரில்லியன் கணக்கீடுகள் என்பதை அவற்றின் பிட் நீளத்தால் பெருக்கினால் 4800 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். இரண்டு, மற்றச் சிப்களோடு தரவைப் பரிமாறும் வேகம் விநாடிக்கு 600 கிகாபைட் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தடை. அந்நிறுவனத்தின் ஏ100 சிப்பின் விவரத்தாளைத் திறந்து பெருக்கிப் பார்த்தேன்: விநாடிக்கு 624 டிரில்லியன் கணக்கீடுகள், பிட் நீளம் 8; பெருக்கினால் 4992 வருகிறது. பரிமாற்ற வேகம் சரியாக 600. ஏ800இல் அவர்கள் தொட்டது இரண்டாவது எண்ணை மட்டும். 600 என்பது 400 ஆனது. கணக்கிடும் திறன் அப்படியே இருக்கிறது.

இது ஒரு சொல் திருத்தம் அன்று. ‘திறன் குறைந்த சிப்தான் சீனாவுக்குப் போகிறது, ஆகவே கட்டுப்பாடு பலன் தருகிறது’ என்ற வாதமே அந்த வாக்கியத்தின் மேல்தான் நின்றது. ஒரு பக்கத்தில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். மதியம் அந்த ஆய்வாளரே என் மேசைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெருக்கலை மறுபடி செய்துகாட்டச் சொன்னார். அந்தப் பகுதி முழுவதும் மாற்றி எழுதப்பட்டது. 2023 அக்டோபரில் அமெரிக்க அரசே அந்தப் பரிமாற்ற வேக நிபந்தனையை நீக்கிவிட்டுக் கணக்கிடும் திறனையும் திறன் அடர்த்தியையும் (சிப்பின் பரப்பளவுக்கு எவ்வளவு திறன் என்பதையும்) அளவுகோலாக்கியது. என் குறிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த ஓட்டையைப் பற்றித் துறை முழுவதும் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் அன்று மதியம்தான் இந்த வேலையில் எனக்கு இடம் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

---

ஆலமரத்தடி எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. நான் மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவன். அரசியல் அறிவியலில் ஒரு பாடம்கூடப் படித்ததில்லை. விண்ணப்பத்தோடு எழுத்து மாதிரி கேட்கிறார்கள். என்னிடம் இருப்பவை ஆய்வக அறிக்கைகளும் நிரல்களும்தான். எதை அனுப்புவது?

---

சிலிக்கான்தறி எழுதியது:

பெங்களூரில் சிப் வடிவமைப்பில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். வெண்ணாறு, நீங்கள் போட்ட பெருக்கல் சரி. எனக்குப் பெரிய ஆறுதல், யாரோ ஒருவர் விவரத்தாளைத் திறந்தார் என்பதே.

கொள்கை ஆவணங்களில் எனக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. ‘3 நானோமீட்டர் சிப் என்றால் அதன் டிரான்சிஸ்டர் 3 நானோமீட்டர் அகலம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது ஒரு தலைமுறையின் பெயர். சிப்புக்குள் எங்கே அளந்தாலும் அந்த எண் கிடைக்காது. ஒரு நிறுவனத்தின் 7ஐயும் இன்னொன்றின் 7ஐயும் பக்கத்தில் வைத்து ‘சமமாகிவிட்டார்கள்’ என்று முடிவு கட்டுவதும் அப்படித்தான். இந்த முடிவுகளைப் படித்துவிட்டு அமைச்சகத்தில் ஒருவர் கையெழுத்துப் போடுகிறார்.

அதே சமயம் என்னைப் போன்ற பொறியாளர்களிடமும் குறை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரை எழுதி ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பினேன். பதினைந்து பக்கம், எல்லாம் சிப் எப்படித் தயாராகிறது என்ற விளக்கம். அவர்கள் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: ‘அரசு என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?’ என்னிடம் பதில் இல்லை. சிப்பில் மின்சுற்றை ஒளியால் பதிக்கும் அதி புறஊதா லித்தோகிராபி இயந்திரத்தை நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டுமே செய்கிறது என்பது எனக்குத் தெரியும். அதனால் நெதர்லாந்து அரசுக்கு என்ன நெருக்கடி வரும், அது எதற்கு இணங்கும், எதற்கு இணங்காது என்று யோசித்ததே இல்லை. பொருளை அறிந்திருந்தால் போதும் என்று நினைத்தேன். போதாது.

---

வெண்ணாறு எழுதியது:

சிலிக்கான்தறி ஐயா, அந்தக் கேள்வியை எங்கள் பிரிவில் வாரத்துக்கு மூன்று முறை கேட்பார்கள். எனக்கும் முதல் மாதம் வாயடைத்துத்தான் போனது.

ஆலமரத்தடி தம்பி, ஆய்வக அறிக்கையை அனுப்பாதீர்கள். புதிதாக ஒன்று எழுதுங்கள். மூன்று முதல் ஐந்து பக்கம் போதும். ஒரே ஒரு விதியை அல்லது சட்டப் பிரிவை எடுங்கள். அது என்ன சொல்கிறது, தொழில்நுட்பத்தில் அதற்கு என்ன பொருள், எங்கே பிசகுகிறது, யார் எதை மாற்ற வேண்டும். அமெரிக்க விதிகள் அந்நாட்டு அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் முழுமையாகக் கிடைக்கின்றன. காங்கிரஸ் உறுப்பினர்களுக்காக ஆய்வு செய்யும் காங்கிரஸ் ஆய்வுச் சேவையின் அறிக்கைகள் 2018 முதல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. ஒரு பொருளில் நுழைவதற்கு அவற்றைவிடத் தெளிவான வாசல் எனக்குத் தெரியாது. நிரல் எழுதத் தெரிந்ததை மறைக்கவும் வேண்டாம். எங்கள் பிரிவில் ஒரு விரிதாளை ஒழுங்குபடுத்த இரண்டு நாள் ஒதுக்குவார்கள். நான் இருபது நிமிடத்தில் முடித்துக் கொடுத்தேன். அதன் பிறகுதான் நல்ல வேலைகள் என்னிடம் வந்தன.

---

கடலோடி எழுதியது:

எல்லாம் சரி. பணம் பற்றி யாரும் பேசவில்லையே?

2016இல் எனக்கும் வாஷிங்டனில் ஓர் இடம் கிடைத்தது. பெரிய பெயர்தான். மூன்று மாதம், வாரத்துக்கு ஐந்து நாள், சம்பளம் கிடையாது. மதிய உணவுக் கூட்டங்களில் சாண்ட்விச் கிடைக்கும் என்று அந்த மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். என் அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். அந்த நகரத்தில் மூன்று மாத அறை வாடகை அவருக்கு என்னவாக இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு, வர முடியாது என்று பதில் எழுதினேன். அதே இடத்துக்குப் போன என் வகுப்புத் தோழன் இன்று அங்கே நிரந்தர ஆய்வாளர். அவன் திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. அவனுக்கு வாடகை கட்ட ஆள் இருந்தது என்பதும் உண்மை.

வெள்ளை மாளிகையே தன் இன்டர்ன்களுக்கு 2022இல்தான் சம்பளம் தரத் தொடங்கியது. ஏழை நாடுகளின் வளர்ச்சி பற்றியும் தொழிலாளர் உரிமை பற்றியும் அறிக்கை எழுதும் நிறுவனங்கள் தங்கள் அலுவலகத்தில் உழைக்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு ஏன் காசு தரவில்லை? இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

---

வெண்ணாறு எழுதியது:

கடலோடி அண்ணா, மன்னிக்க வேண்டியதில்லை. எனக்கு மணிக்கணக்கில் சம்பளம் கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் நானும் போயிருக்க மாட்டேன், போயிருக்கவும் முடியாது. இப்போது பெரிய நிறுவனங்கள் பலவற்றில் சம்பளம் உண்டு. கார்னகியின் கெய்தர் ஜூனியர் ஃபெலோ திட்டம் பட்டம் முடிப்பவர்களுக்கு ஓராண்டு முழுநேரச் சம்பள வேலை. ஆனால் அதற்குப் பல்கலைக்கழகமே உங்கள் பெயரை முன்மொழிய வேண்டும். விளம்பரத்தில் சம்பளம் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் விண்ணப்பிக்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. படிக்கும்போதே வேலை செய்ய வேண்டுமானால் பாடத்திட்டப் பயிற்சி அனுமதி, அதாவது சிபிடி, வேலை தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். ஒரு நாள் முன்னதாக உட்கார்ந்தாலும் சிக்கல். முழுநேர சிபிடி பன்னிரண்டு மாதத்தைத் தொட்டால், அந்தப் படிப்பு முடிந்த பின் கிடைக்கும் ஓபிடி என்ற தற்காலிகப் பணி அனுமதிக்கான வாய்ப்பு போய்விடும். சம்பளமில்லாத வேலைதானே, அனுமதி எதற்கு என்று நினைத்து யாரும் இறங்கிவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

---

முதுவேனில் எழுதியது:

டெல்லியில் இதே துறையில் இருக்கிறேன். ஏன் எல்லோரும் வாஷிங்டனையே பார்க்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. இங்கே 1990 முதல் ஓஆர்எஃப் (அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷன்) என்ற சிந்தனைக் குழு இருக்கிறது. கார்னகி இந்தியா 2016இல் தொடங்கியது. பெங்களூரில் தக்ஷசீலா ஆய்வு நிறுவனம் இருக்கிறது. நம் நாட்டுக்கென்று உள்ள கேள்விகள் இங்கேதான் மேசைக்கு வருகின்றன. இணையக் குற்றத்துக்கான 2001ஆம் ஆண்டு புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. தாங்கள் பங்கெடுக்காமல் வரையப்பட்ட உடன்படிக்கை என்பது டெல்லியின் பழைய ஆட்சேபம். ஐநா பொதுச்சபை 2024 டிசம்பரில் இன்னோர் உடன்படிக்கையை ஏற்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, வெளிநாட்டுச் சர்வரில் இருக்கும் ஆதாரத்தை நம் காவல்துறை எந்த வழியில் பெறும் என்று ஐந்து பக்கம் எழுதுங்கள். அப்படியொரு எழுத்து மாதிரி வந்தால் நானே அந்த மாணவரை அழைத்துப் பேசுவேன்.

இன்டர்ன்களுக்கு ஓர் எச்சரிக்கை. சாத்தம் ஹவுஸ் விதி என்று கூட்டத் தொடக்கத்தில் சொல்வார்கள். லண்டனில் 1927இல் உருவானது. அதைப் பலர் ‘எதையும் வெளியே சொல்லக்கூடாது’ என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படியில்லை. கேட்ட செய்தியைப் பயன்படுத்தலாம். யார் சொன்னார், அவர் எந்த நிறுவனத்தவர் என்பதை வெளியிடக் கூடாது. வேறு யார் வந்திருந்தார்கள் என்பதையும் சொல்லக் கூடாது. எனக்குத் தெரிந்த ஓர் இன்டர்ன், நல்ல பிள்ளை, உற்சாகத்தில் பேச்சாளரோடு எடுத்த படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டுவிட்டாள். அந்த அதிகாரி அதன் பிறகு அந்த நிறுவனத்தின் கூட்டங்களுக்கு வரவே இல்லை. அவளுக்கு யாரும் முன்கூட்டி விளக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

---

வரப்பு எழுதியது:

நான் எதிர்ப்பக்கம். 2014 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் நீளமான புலனாய்வுச் செய்தி ஒன்றை வெளியிட்டது. நார்வே, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் எனப் பல அரசுகள் வாஷிங்டன் சிந்தனைக் குழுக்களுக்குப் பணம் கொடுப்பதைப் பற்றியது. தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு அரசுகளோடு தொழில்நுட்ப நிறுவனங்களும் நன்கொடை தருகின்றன. இந்தப் பணத்தில் நடக்கும் ஆய்வுக்கு நம் பிள்ளைகள் ஏன் உழைக்க வேண்டும்? வெண்ணாறு, உங்கள் ஆய்வாளர் திருத்தத்தை ஏற்றார், மகிழ்ச்சி. நன்கொடையாளருக்குப் பிடிக்காத திருத்தமாக இருந்திருந்தால்?

---

வெண்ணாறு எழுதியது:

வரப்பு, இந்தக் கேள்வியை இரண்டு நாளாக மனத்தில் வைத்திருந்தேன். அவசரமாகப் பதில் எழுத விரும்பவில்லை.

ஒரு வாக்கியத்தை மாற்று என்று பணம் கொடுத்தவர் சொன்னதை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதால் நடப்பதே இல்லை என்று சொல்லும் தகுதி ஐந்து மாத இன்டர்னுக்குக் கிடையாது. நான் பார்த்தது வேறொன்று. எந்தக் கேள்வி ஆய்வுக்கு வருகிறது என்பதைப் பணம் தீர்மானிக்கிறது. சிப் பற்றி நான்கு திட்டங்கள் ஓடின, நால்வர் வேலை செய்தார்கள். காங்கோவின் கோபால்ட் சுரங்கத் தொழிலாளர் பற்றி ஒருவர் முன்மொழிவு எழுதி வைத்திருந்தார். நான் சேர்ந்தபோதும் அது முன்மொழிவு, கிளம்பியபோதும் முன்மொழிவு. யாரும் அதைத் தடுக்கவில்லை. நிதி வரவில்லை, அவ்வளவுதான். உலகத்தில் பாதிக் கேள்விகள் இப்படித்தான் கேட்கப்படாமல் கிடக்கின்றன என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

அதனால் விண்ணப்பிப்பவர்கள் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் பட்டியலை முதலில் படியுங்கள். பட்டியலே வெளியிடாத இடமாக இருந்தால் நான் போகமாட்டேன். உழைக்கக் கூடாது என்ற உங்கள் முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நம்மவர்கள் போகாவிட்டாலும் அந்த அறிக்கைகள் எழுதப்படும், இந்தியாவைப் பற்றியும் எழுதப்படும், அடிக்குறிப்பை யாரும் திறந்து பார்க்காமல் எழுதப்படும்.

---

வரப்பு எழுதியது:

கோபால்ட் பற்றி நீங்கள் எழுதியதற்கு நன்றி. என் ஐயம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் நேர்மையான பதில் இது.

---

சிலிக்கான்தறி எழுதியது:

ஒரு கேள்வி. இணையத் தாக்குதல் பற்றியும் வேலை செய்தீர்களா? அதில் விவரத்தாள் என்று ஒன்று இல்லையே, எதை வைத்துச் சரிபார்ப்பீர்கள்?

---

வெண்ணாறு எழுதியது:

செய்தேன், அது இன்னும் கடினம். அமெரிக்கச் சிந்தனைக் குழுவான வெளியுறவுக் கவுன்சில் 2005 முதலான, அரசுகள் பின்னணியில் இருப்பதாகக் கருதப்படும் தாக்குதல்களின் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கிறது. அதைப் போல நாங்களும் உள்ளுக்குள் ஒன்று வைத்திருந்தோம். அங்கே என் வேலை முழுவதும் வினைச்சொற்களோடுதான். ‘செய்தது’ என்று எழுதலாமா, ‘செய்ததாக ஓர் அரசு குற்றம் சாட்டியது’ என்று எழுத வேண்டுமா, ‘செய்ததாக ஒரு பாதுகாப்பு நிறுவனம் கருதுகிறது’ என்று எழுத வேண்டுமா? ஈரானின் அணு நிலையத்தைத் தாக்கிய, 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினி நச்சுநிரலை எடுங்கள். அமெரிக்காவும் இஸ்ரேலும் செய்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இரண்டு அரசுகளும் இன்றுவரை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டதில்லை. ‘எனப் பரவலாக நம்பப்படுகிறது’ என்ற மூன்று சொற்களைச் சேர்க்க நானும் இன்னோர் இன்டர்னும் ஒரு மணி நேரம் வாதாடியிருக்கிறோம். தமிழில் ‘ஆம்’ என்ற ஒட்டு இருக்கிறதே, ‘செய்ததாம்’ என்றால் பிறர் சொல்லிக் கேட்டது என்று விளங்கிவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த ஒட்டுக்கு ஏங்கியிருக்கிறேன்.

---

ஆலமரத்தடி எழுதியது:

அக்கா, பத்து நாள் உட்கார்ந்து எழுத்து மாதிரியைத் தொடங்கிவிட்டேன். பொருள்: செயற்கை நுண்ணறிவுச் சிப்களை எந்த நாடு எவ்வளவு வாங்கலாம் என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளியிட்ட விதியும் இந்தியாவும். முதல் வாக்கியம் இது: ‘2025 ஜனவரியில் அமெரிக்கா இந்தியாவுக்கு மேம்பட்ட சிப்கள் விற்பதைத் தடை செய்தது.’ தொடக்கம் அழுத்தமாக இருக்கிறதா?

---

வெண்ணாறு எழுதியது:

அழுத்தமாக இருக்கிறது, ஆனால் உண்மையாக இல்லை. மூன்று இடம் பாருங்கள். ‘தடை’ என்பது அந்த விதியில் இந்தியாவுக்குப் பொருந்துமா? பதினெட்டு நட்பு நாடுகளுக்கு விலக்கு இருந்தது, இந்தியா அதில் இல்லை, சீனா போன்ற நாடுகளின் வரிசையிலும் இல்லை. நடுவில் இருந்தவர்களுக்கு என்ன வைத்தார்கள் என்று வாசகத்தில் தேடுங்கள். அடுத்து, விதி வெளியான நாளும் அதற்கு இணங்க வேண்டிய நாளும் ஒன்றா? கடைசியாக, அந்த விதி இன்று இருக்கிறதா?

---

ஆலமரத்தடி எழுதியது:

நேற்று இரவு மூல வாசகத்தைப் படித்தேன். முழுவதும் புரியவில்லை, ஆனால் நீங்கள் கேட்டவை கிடைத்துவிட்டன. மாற்றி எழுதியது:

‘2025 ஜனவரியில் அமெரிக்கா வெளியிட்ட விதி, இந்தியா வாங்கக்கூடிய மேம்பட்ட சிப்களின் அளவுக்கு உச்சவரம்பு வைத்தது. அதற்கு இணங்க வேண்டிய நாள் மே 15. இரண்டு நாள் முன்னதாக, மே 13 அன்று, விதியைத் திரும்பப் பெறப்போவதாக வணிகத் துறை அறிவித்தது.’

இப்படி எழுதினால் கட்டுரைக்குப் பொருளே இல்லாமல் போய்விடுகிறதே அக்கா? இல்லாத விதியைப் பற்றி ஐந்து பக்கம் எதற்கு?

---

முதுவேனில் எழுதியது:

குறுக்கிடுகிறேன். தம்பி, உங்கள் கட்டுரை இப்போதுதான் தொடங்குகிறது. நான்கு மாதத்தில் வந்து போகும் விதியை நம்பி இந்தியாவில் ஒருவர் தரவு மையம் கட்டத் திட்டமிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன செய்வார்? டெல்லி அவருக்கு என்ன செய்ய முடியும்?

---

வெண்ணாறு எழுதியது:

முதுவேனில் சொன்னதையே இரண்டாம் பத்தியாக வையுங்கள். ‘மேம்பட்ட சிப்’ என்றால் எந்த அளவுக்கு மேல் என்று அடிக்குறிப்பில் எண்ணோடு எழுதுங்கள். செய்தித்தாளிலிருந்து எடுக்காதீர்கள். ஞாயிறு இரவுக்குள் அனுப்பினால் திங்கள் காலை படித்துவிடுகிறேன்.